கீழ்க் கடைக்கு வந்த வீடியோ

அரநாயக்க ரோட்டில், எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில், இரண்டு ரொட்டிக் கடைகள் இருக்கின்றன. மேல் வளைவில் இருப்பது என்னுடையது. கீழ் வளைவில் இருப்பது என் ஓரகத்தியுடையது. தேங்காய் ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் போட்டு அந்த ரோட்டில் வேன்களை நிறுத்திப் பழக்கியது நான்தான். அவள் என் கடையில் மாவு பிசைந்து தொழிலைப் படித்துக்கொண்டு, நல்ல நாள் பார்த்துக் கீழே போய் ரொட்டிக் கல்லைப் போட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த வீடியோவைத்தான் பொறுக்க முடியவில்லை.

கேகாலை டவுனில் போன் கடையில் வேலை செய்கிற ஒரு பெண், எங்கள் தோட்டத்து ஆட்களின் பிள்ளைதான், சாப்பாட்டு வீடியோ போடுவாள். சிங்களத்தையும் தமிழையும் மாற்றி மாற்றிப் பேசுவாள். ஊரே அவளைப் பார்க்கிறது. ஒரு நாள் பார்த்தால் அவள் வீடியோவில் என் ஓரகத்தியின் கடை. ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். உறைப்பில் மூக்கு ஒழுகியது. அதைத் துடைக்காமல் அடுத்த துண்டுக்குக் கை போனது. என் மகளின் போனை வாங்கி வாங்கி அதையே பார்த்தேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. இதற்கு வேறு அழகான வார்த்தை எனக்குத் தெரியாது.

அன்று முதல் வேன்கள் என் கடையைத் தாண்டிப் போய்க் கீழே நின்றன. சிலர் என் வாசலில் நிறுத்தி, வீடியோவில் வந்த கடை எது என்று என்னிடமே வழி கேட்டார்கள். கையைக் காட்டி அனுப்பினேன். பிசைந்த மாவு மாலை வரை அப்படியே கிடக்கும். இப்படியே போனால் கடையை மூடிவிட்டு மறுபடி ரப்பர் பால் வெட்டத்தான் போக வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்தார்.

காசு வாங்கிக்கொண்டுதான் அந்தப் பெண் கண்ணை மூடியிருக்கிறாள் என்று எனக்கு நிச்சயம். கேகாலைக்கு பஸ் ஏறி, நுகர்வோர் முறைப்பாடு எடுக்கிற அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த ஐயா நல்ல மனிதர். சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். இப்படி வீடியோ போடுகிறவர்களுக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லையாம். ஆனால் பொய் சொல்லிச் சாமான் விற்பது குற்றம்தானாம். காசு வாங்கி வீடியோ போட்டால் அது விளம்பரம் என்று காட்ட வேண்டும், அது வீடியோ போடுகிற ஆப்பிலேயே இருக்கிற விதி என்றார். எனக்கு அந்த விதி மிகவும் பிடித்துப்போனது. ஆனால் காசு கொடுத்ததற்கு ஆதாரம் கேட்டார். அவள் கண்ணை மூடியதுதான் ஆதாரம் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சரி, காசுக்குத்தானே கண்ணை மூடுகிறாள், எனக்கும் மூடட்டும் என்று, சீட்டு விழுந்த காசை எடுத்து அந்தப் பெண்ணை வரவழைத்தேன். கல்லைத் தேய்த்து வைத்தேன். அன்றைக்கென்று நல்ல மாசிக் கருவாடு வாங்கிச் சம்பல் இடித்தேன். அவளும் குறை வைக்கவில்லை. பிய்த்தாள், தொட்டாள், கண்ணை மூடினாள், அருமை என்றாள். கேமரா நின்றதும் மீதி ரொட்டியைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்தபடியே வீடியோவின் மேல் பெரிய எழுத்தில் எதையோ அடித்தாள். எட்டிப் பார்த்தேன். 'பணம் பெற்றுச் செய்த விளம்பரம்.' அதை எடுக்கச் சொன்னேன். எடுத்தால் ஆப்காரர்கள் வீடியோவையே தூக்கிவிடுவார்கள், அதோடு பார்க்கிறவர்களை ஏமாற்றினது மாதிரி ஆகிவிடும் என்றாள். அலுவலகத்து ஐயா சொன்ன அதே பேச்சு.

"அப்ப கீழ கடை வீடியோவுல மட்டும் ஏன் இதப் போடல?" என்றேன். பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க எனக்கு ஒண்ணுமே குடுக்கலீங்க அக்கா. பசிச்சுச்சு, பஸ்ஸ விட்டு எறங்கிச் சாப்பிட்டேன். ரொட்டிக்குக்கூட நான்தான் சல்லி குடுத்தேன். அதுல என்னாத்தப் போடுறது?"

இத்தனை நாளும் என் ஓரகத்தி காசு கொடுத்திருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது.

அவள் போனைப் பைக்குள் போட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினாள். பஸ் என் கடை வாசலிலேயே நிற்கும். அவள் நிற்காமல் கீழே நடந்தாள். மேல் வளைவிலிருந்து பார்த்தால் கீழ்க் கடையின் பெஞ்ச் நன்றாகத் தெரியும். அவள் அதில் உட்கார்ந்தாள். என் ஓரகத்தி தட்டை வைத்தாள். போனை வெளியே எடுக்கவில்லை. கண்ணை மூடினாளா என்பது அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. இரண்டாவது ரொட்டிக்குக் கை நீட்டியது தெரிந்தது.