டிவிக்குப் பின்னால் சுற்றிய நூல்

எங்கள் வீட்டு டிவியின் பின்பக்கம் ஆன்டெனா ஒயரைச் செருகும் பின் லொடலொடவென்று ஆடும். தெருவில் பஸ் போனாலே படம் போய்விடும். யாராவது பின்னால் நின்று ஒயரை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிப்பவருக்குப் படம் கிடையாது. ஒன்பது வயதில் எனக்கு வாய்த்த உத்தியோகம் அதுதான்.

அப்போது அண்ணன் வீட்டைவிட்டுப் போய் மூன்று மாதம். பத்தாவதில் தோற்றதற்கு நைனா அடித்தார், போய்விட்டான். போலீசில் போட்டோ கொடுத்திருந்தோம். காணாமல் போனவர்களின் படங்களைச் சாயங்காலம் டிவியில் காட்டுவார்கள். வியாழக்கிழமை அவன் படம் வரும் என்று தகவல் வந்ததிலிருந்து அம்மா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை நைனா தறிக்கு நூல் வாங்க அரக்கோணம் போனார். மொட்டைத் தலையோடு திரும்பினார். நூல் வாங்கி வரவில்லை. பையன் திரும்பி வர வேண்டுதல் என்றார். எங்கள் திருத்தணியில் மொட்டையைப் பற்றி யார் கேள்வி கேட்பார்கள்? அம்மா மலைப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவரே டிவியைத் திருப்பி வைத்து உட்கார்ந்தார். தறியில் எது ஆடினாலும் நூலைச் சுற்றி இறுக்குவது எங்கள் தெரு வைத்தியம். பின்னைச் சுற்றி நெருக்கமாக நூல் சுற்றி, கஞ்சி தடவிக் காயவைத்துச் செருகினார். இழுத்தாலும் அசையவில்லை. படமும் வரவில்லை, திரை முழுக்கப் புள்ளிகள்.

"இன்னாங்க, இன்னிக்குப் புள்ள மூஞ்சி வருமே! மெக்கானிக்க இட்டாந்துடுங்க."

"நாளைக்குப் பாக்கலாம்" என்று தறிப்பக்கம் போய்விட்டார்.

இரும்போடு இரும்பு தொட்டால்தான் படம் வரும், நடுவில் நூல் இருந்தால் வராது. ஒயர் பிடித்தே பழகிய எனக்குத் தெரிந்தது, விசைத்தறி மோட்டாரையே பிரித்து மாட்டுகிறவருக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பிளேடால் நூலை அறுத்தெறிந்து, வெறும் பின்னைச் செருகி அழுத்திப் பிடித்தேன்.

"தோ, எம்புள்ள!" என்று அம்மா கத்தினாள். "ஊரே பாத்துகினு இருக்குது. எங்க இருந்தாலும் இட்டாந்து வுட்டுடுவாங்க!"

சத்தம் கேட்டு நைனா ஓடிவந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அவர் என்னைப் பார்த்தார். கீழே அறுந்து கிடந்த நூலைப் பொறுக்கி மடியில் செருகிக்கொண்டார். அம்மா புண்ணியத்தில் அடியிலிருந்து தப்பித்தேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பதினோரு வருஷம் கழித்து, அம்மாவின் காரியம் முடிந்த அன்றுதான் நைனா சொன்னார். அந்தப் புதன்கிழமை, அரக்கோணத்தில் ரயில் பாதையோரம் கிடைத்த உடலை அண்ணன்தான் என்று அடையாளம் காட்டி, அங்கேயே எரித்துவிட்டு வந்திருக்கிறார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு நாளைத் தள்ளிப்போட்டு, அதற்குள் அம்மா அவன் படத்தைப் பார்த்து நம்பிவிடக் கூடாதென்று, தெரிந்தேதான் நூல் சுற்றியிருக்கிறார்.

"அவ சிரிச்சிட்டா பாப்பா. அப்பால எப்படிச் சொல்றது?"

அந்தப் பதினோரு வருஷமும் அம்மா ராத்திரி அண்ணனுக்கென்று ஒரு தட்டுச் சோறு எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். விடிந்ததும் அதில் தண்ணீர் ஊற்றி நைனாதான் சாப்பிடுவார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். அவருக்குப் பழையது என்றால் அவ்வளவு ஆசை என்று நான் நினைத்திருந்தேன்.