மூன்று கியர் பெட்டி

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிக்குக் கியர் பெட்டி பார்க்க அய்யம்பெருமாளை விட்டால் ஆள் கிடையாது. பெட்டி முனகுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த மனுஷன் எண்பத்து நாலாம் வருஷம் ஒரே ஒரு பெட்டியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தார். தெரிந்தேதான் செய்தார். ஊரில் அது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் பெட்டி அவர் தங்கை வேம்புவின் புருஷன் தர்மன் ஓட்டப்போகிற காருக்கு. தர்மன் சுரங்கத்து லாரி டிரைவர். திருச்சிக்கு வெளியே ஒரு பொட்டலில் மண் பாதை போட்டு கார் ரேஸ் நடத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பெரம்பலூர் ரைஸ்மில் முதலாளி ஒரு பழைய காரைக் கொடுத்து, "நீதான்டா ஓட்டணும்" என்றுவிட்டார். ரேஸ் நடத்துகிறவர்களில் ஒருவர், முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மெட்ராஸில் தங்கள் கோஷ்டியிலேயே சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தர்மனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சோற்றுத் தட்டைக்கூட ஸ்டியரிங் மாதிரி திருப்பிக்கொண்டிருந்தான்.

காரின் சொந்தப் பெட்டி நொறுங்கிக் கிடந்தது. பட்டறையில் பொருந்தக்கூடியவை இரண்டு இருந்தன. ஒன்று ஜீப்பிலிருந்து கழற்றிய மூன்று கியர் பெட்டி, இரும்புக் குண்டு. இன்னொன்று நாலு கியர், எடை குறைவு. வற்றிக் கிடந்த ஏரிக்குள் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையும் அடுத்த ஞாயிறு அதையும் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். தர்மன் ஓட்டினான், கடிகாரம் அய்யம்பெருமாள் கையில்.

இரண்டு ஞாயிறுக்கும் நடுவில் ஒரு நாள் வேம்பு பட்டறைக்கு வந்தாள். ஆறு மாசக் கர்ப்பம். பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அவரு மெட்ராஸ் போனா திரும்ப மாட்டாரு. அப்பாவும் ஆறு மாசத்துல வந்துடுறேன்னுட்டுதான் போனாரு. எதனாச்சும் செய்யிண்ணே."

அப்பா போனபோது வேம்புவுக்கு நாலு வயது. சாயங்கால பஸ் வருகிற நேரமெல்லாம் ரோட்டோரம் போய் நிற்பாள். தூக்கிக்கொண்டு வந்து சோறு ஊட்டியவர் அய்யம்பெருமாள்தான். போ தாயி, பார்த்துக்கறேன் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நாலு கியர் பெட்டி ஒரு சுற்றுக்கு நாலு செகண்டு முந்தியது. மூன்றாவது கியரிலேயே வளைவும் திரும்பியது, நேர் பாதையும் பறந்தது. தர்மன் இறங்கி ஓடிவந்தான்.

"இதுதான் மச்சான் கைக்கு வாட்டமா இருக்கு. எத்தன செகண்டு?"

"ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள. சொல்லப்போனா ஜீப் பெட்டிதான் ஒரு பொட்டு முந்தி."

"எனக்கு அப்புடித் தெரியலியே?"

"கையி சொல்றது வேற, கடியாரம் சொல்றது வேற. இது பாதியில பல்லு ஒடஞ்சு நின்னா என்னா பண்ணுவ? லோடு ஏத்துனாலும் அசையாது ஜீப் பெட்டி."

அரியலூரில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பான். கல் ஏற்றிக்கொண்டு சுரங்கத்துச் சரிவில் ஏறுகிற ஊரில் பெட்டிக்குப் பலம் ஒன்றுதான் அழகு. பொய்யை மறைக்க ஊர் வழக்கமே அவருக்கு ஒத்தாசை செய்தது. தர்மன், "நீ சொன்னா சரிதான் மச்சான்" என்று ஜீப் பெட்டியையே மாட்டச் சொன்னான்.

ரேஸில் எட்டு கார். வளைவில் இரண்டாவது கியர் அலறியது, மேல் கியருக்குப் போனால் வண்டி இழுக்காமல் தவித்தது. தர்மன் என்னென்னவோ செய்து பார்த்தான். பத்துச் சுற்றும் முடிந்தபோது ஏழாவதாக வந்தான். எட்டாவது காருக்கு டயர் வெடித்திருந்தது. இறங்கியவன் முகமெல்லாம் செம்மண், கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

அவன் மெட்ராஸ் போகவில்லை. வேம்பு நினைத்தது நடந்தது, ஆனால் அவள் கட்டிக்கொண்ட பழைய தர்மன் வீட்டில் இல்லை. பெண் குழந்தை பிறந்தது. தூக்குவான், கொஞ்சுவான், சிரிக்கமாட்டான். "கல்லு மாதிரி ஒக்காந்திருக்காருண்ணே" என்று ஒரு தடவை வந்து அழுதாள்.

இரண்டு வருஷம் கழித்து ரைஸ்மில் முதலாளி மறுபடி பட்டறைக்கு வந்தார். தர்மனும் லாரிக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டு அங்கேதான் இருந்தான்.

"திரும்ப ரேஸ் வைக்கிறாங்கடா. ஓட்டுறியா?"

தர்மன் நிமிரக்கூட இல்லை.

"எனக்கு வராதுங்க மொதலாளி. எங்க மச்சான் ரெண்டு பெட்டி மாட்டி, கடியாரத்துல பாத்து, நல்லதாப் பாத்துப் போட்டுக் குடுத்தாரு. அப்பவும் ஏழாவதா வந்தேன். வண்டி மேல குத்தமில்லீங்க. நான் லாரிக்குத்தான் லாயக்கு. வேற யாரையாச்சும் பாருங்க."

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அய்யம்பெருமாள் வாயைத் திறந்தார். சொன்னால் மாப்பிள்ளை போய்விடுவான், இத்தனை நாள் வைத்திருந்த நம்பிக்கையும் போய்விடும், தங்கை முகத்தில் எப்படி முழிப்பது? முதலாளி தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார். போகிற காரைப் பார்த்தபடி நின்றவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

தர்மன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"அட, நீ ஏன் மச்சான் அழுவுற? நீ என்னா தப்புப் பண்ணுன?"