எந்த மருந்து என்று கேட்க வைத்தாள்

எங்களுக்கு ஆனைக்குட்டம் பக்கம். கொஞ்சம் நிலம் உண்டு. மழை ஏமாற்றினால் பட்டாசுக் கம்பெனிதான் சோறு போடும். போன தீபாவளி சீசனில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அறையில் தீப்பிடித்தது. வெளியே குதித்துத் தப்பித்தார், ஆனால் இடது கால் வெந்துபோனது. ஆம்புலன்சில் வந்தவர்கள் அந்தப் புகைக்குள்ளேயே வலது கையில் ஊசி குத்தி ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். அவர் கையைக் கழுவ ஏது நேரம்? அந்த ஊசிதான் அவரை உயிரோடு ஆஸ்பத்திரி வரை கொண்டுவந்து சேர்த்தது. அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் காலுக்குத் தினமும் கட்டு மாற்றினார்கள். கையில் இருந்த ஊசியை யாரும் மாற்றவில்லை. வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு நர்ஸ் மட்டும், பிளாஸ்திரியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் அப்பியிருந்ததைக் காட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டாள்.

"மருந்து, சிஸ்டர்" என்றேன்.

"மருந்தா? அப்ப துடைக்காதீங்க."

எங்கள் ஊரில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைப்பது. காய்ச்சலுக்குத் தின்பதை மாத்திரை என்போம். அவள் எதை நினைத்துச் சொன்னாளோ, நான் துடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைத்தேன்.

காய்ச்சல் வந்தது. பேச்சு குழறியது. டாக்டர் காலைத்தான் பார்த்தார், காலுக்குத்தான் வைத்தியத்தை மாற்றினார். "ஏ புள்ள, கை குத்துது" என்று இவர் முனகுவார். நான் போய்ச் சொன்னால், "ஊசின்னா குத்தத்தாம்மா செய்யும்" என்பார்கள். மறுபடி போனால், "இப்பத்தானே சொன்னோம்" என்பார்கள். பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். கடைசியில், காய்ச்சல் இறங்காவிட்டால் மதுரைக்குக் கொண்டு போங்கள், எதற்கும் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அவ்வளவுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, எல்லாரும் பார்க்கக் கத்திவிட்டேன்.

"ஏ மாரியாத்தா! ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? அம்புட்டுத் தீக்குள்ள இருந்து இழுத்துக் கொண்டாந்தியே, இங்கன படுக்கப் போட்டுக் கொல்லவா? அந்த வெடிமருந்துகூட இன்னும் அவரு கையை விட்டுப் போகலையே ஆத்தா!"

அடுத்த கட்டிலில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த இன்னொரு நர்ஸ் திரும்பினாள். வெம்பக்கோட்டைக்காரப் பெண், அன்றுதான் எங்கள் வார்டுக்கு வந்திருந்தாள்.

"யக்கா, எந்த மருந்து? வெடிமருந்தா? எங்கன இருக்கு?"

கையைக் காட்டினேன். பிளாஸ்திரியை உரித்தாள். உள்ளே சிவந்து, வீங்கி, சீழ் கட்டியிருந்தது.

"இது அவசரத்துல, தொடைக்காம போட்ட ஊசிக்கா. இங்க வந்ததுமே எடுத்துட்டு வேற போட்டிருக்கணும். ஏன் சொல்லாம இருந்தீக?"

"மருந்துன்னு சொன்னேனே தாயி!" என்று அழுதுவிட்டேன்.

ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அந்த ஊசியை எடுத்தார்கள். கையைக் கழுவி, சுத்தம் பண்ணி, மறு கையில் புது ஊசி போட்டார்கள். காய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு காலையில் இவர், "பசிக்குது புள்ள" என்றார். அங்கேயே தரையைத் தொட்டுக் கும்பிட்டேன்.

அந்த நர்ஸ் அன்று வந்தது தற்செயல் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். பிறந்ததிலிருந்து மருந்து, மருந்து என்றே பேசிய என் வாயில் அன்றைக்கு மட்டும் வெடிமருந்து என்று வரவைத்தது யார்?

இவர் நடக்க ஆரம்பித்ததும் மாவிளக்குப் போட்டு வந்தோம். இப்போது சொந்தத்தில் யாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், "வர்ற வழியில போட்ட ஊசியை மாத்தியாச்சா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். தொல்லை பிடித்தவள் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகிறேன். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

அம்மனை நம்புகிறவர்களே, மனசு வெந்து நிற்கும்போது உள்ளுக்குள் முணுமுணுக்காதீர்கள். சண்டை போட்டாவது வாய்விட்டுக் கேளுங்கள். அவள் காதில் விழும். பக்கத்தில் யார் காதில் விழ வேண்டுமோ, அவர்கள் காதிலும் விழவைப்பாள்.