காளையோடு பிறந்த கிடாரி

போன திங்கட்கிழமை வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. உங்களிடம் கொட்டிவிடுகிறேனே...

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் செல்வி இரண்டு பசு வைத்திருக்கிறாள். தென்காசிப் பக்கத்துப் பெண். சாயாக்கடைகளுக்குப் பால் ஊற்றுகிறாள். நான்கு மாதம் முன்பு ஒரு பசு இரட்டைக் கன்று போட்டது — ஒரு காளை, ஒரு கிடாரி.

மாட்டுத் தரகர் வந்தார். கிடாரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"காளையோட சேர்ந்து பிறந்தது சேச்சி... ஜென்மத்துக்கும் சினை பிடிக்காது. இறச்சிக்குத்தான் ஆகும். நான் எடுத்துக்கறேன்."

செல்வி என்னிடம் ஓடிவந்தாள். இருவரும் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இளம்பெண். பொறுமையாகச் சொன்னார்.

"அவர் சொல்றது முழுப் பொய்யில்லை. வயித்துக்குள்ளே ரெண்டோட ரத்தமும் கலந்துபோனா, கிடாரிக்குக் கர்ப்பப்பை சரியா வளராது. மிக்கதும், பத்துக்கு ஒம்பது, அப்படித்தான். ஆனா எல்லாத்துக்கும் இல்லை. ஜீன் டெஸ்ட் இருக்கே! இதோட ரத்தத்துல காளையோட அணு கலந்திருக்கான்னு பார்த்தாப் போதும்."

ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள்.

ரிசல்ட் வரும்வரை பொறுக்க வேண்டாமா? தரகர் தினமும் செல்வியின் கணவன் கணேசனுக்கு போன் போட்டார். ஒருநாள் காலை அவள் பால் ஊற்றப் போயிருந்த நேரம்... கணேசன் கன்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டான். செல்வி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவனோடு பேசவுமில்லை.

அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. காளையின் அணு துளியும் இல்லை. அருமையாகச் சினை பிடிக்கும் கிடாரி!

தரகர் போனை எடுக்கவில்லை. கன்று வெட்டுக்குப் போயிருக்கும் என்றே நினைத்தோம். கன்றை ஏற்றிப்போன வண்டிக்காரரைத் தேடிப்பிடித்தோம். திருப்பூணித்துறையில் ஒரு வீட்டில் இறக்கினேன் என்றார். ஓடினோம்.

கன்று அங்கே உயிரோடு நின்றது, கழுத்தில் புது மணியோடு. வீட்டுக்கார அம்மா ரிட்டயர்டு நர்ஸ்.

"ஒற்றைக் கன்னாப் பிறந்தது, கண்டிப்பா கறக்கும்னு சொல்லித்தானே தந்தாரு?" என்றார்.

எப்படி இருக்கிறது? செல்வியிடம் மலடு. இந்த அம்மாவிடம் கறவை. ரிசல்ட் அந்த ஆளுக்கும் தெரியாது! நிஜமாகவே மலடாக இருந்திருந்தால் இந்த அம்மா வருஷக்கணக்கில் தீனி போட்டுக் காத்திருப்பார்...

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. "கொண்டுபோணும்னா கொண்டுபோ மோளே," என்றார். செல்வி கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றாள். பிறகு லேப் காகிதத்தை நீட்டினாள்.

"நீங்களே வளர்த்துக்கோங்கம்மா. யாராச்சும் மலடுன்னு சொன்னா இதைக் காட்டுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை தரகர் கடைத்தெருவில் சிக்கினார். பிடித்துக் கேட்டேன். சிரித்தார்!

"வாங்கும்போது ஒண்ணு சொல்லணும், விக்கும்போது ஒண்ணு சொல்லணும். அதுதானே சேச்சி கச்சவடம், வியாபாரம்?"

கன்றுக்கு டெஸ்ட் இருக்கிறது. இந்த நாக்கை எந்த லேபுக்கு அனுப்புவது?