அலுமினியப் பக்கம் அறுந்தது

ஸ்டீலையும் அலுமினியத்தையும் உருக்கி ஒட்டினால் அப்பளமாக நொறுங்கும். அதனால் உருக்காமல், சுழலும் ஒரு முனையால் அழுத்திப் பிசைந்து சேர்ப்பதுதான் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறையின் தொழில். சேர்த்ததை இழுத்து அறுத்துப் பார்ப்பது என் வேலை. என் மனைவி மாலதி மூன்று வருடமாக சிங்கப்பூரில் இதே வேலை பார்க்கிறாள். மனைவி ஒரு நாட்டிலும் மீ கோரிங் நூடுல்ஸ் பொட்டலம் ஒரு கையிலுமாக வாழ்கிற சகோதரர்களுக்கு மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்து ஊரான ஜுருவில் ஒரு கார் பாகக் கம்பெனி எங்களைச் சோதித்துப் பார்த்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் பரிசோதனைக்கு இன்னொரு ஆள் வேண்டும், அது மாலதிதான் என்று மேனேஜர் அந்தோணி அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

மோட்டார்

ஜார்ஜ் டவுனிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி வருகிறேன். மாலதி இங்கே இருந்தபோது பின்னால் உட்கார்ந்து வருவாள். ஒரு நாள் பட்டறை வாசலில் என்னைப் பார்த்த அந்தோணி அண்ணன் கேட்டார்: "பின்னாடிதான் ஆள் இல்லையே தம்பி, இன்னும் ஏன் இடம் விட்டு முன்னாடி தள்ளியே உக்கார்ற?"

அழகான தையல்

நன்றாகப் பிடிக்கட்டும் என்று முனையை மெதுவாக நகர்த்தி, கூடுதலாகச் சூடேற்றினேன். இணைப்புத் தையல் வழவழவென்று வந்தது. இழுத்ததும் பட்டென்று விட்டுப் போனது. இரண்டு உலோகமும் கலந்து நடுவில் உண்டாகும் படலம் தடித்துவிட்டால் அப்படித்தான் உடையும். எனக்குத் தெரியாததா? மைக்ராஸ்கோப் படத்தை மாலதிக்கு அனுப்பினேன். "ஆசையில ரொம்ப சூடு காட்டிட்டீங்க. அந்தப் படலம் மெல்லிசா இருந்தாதாங்க பிடிக்கும்."

ஓட்டை

முனையை வெளியே எடுக்கும் இடத்தில் ஓர் ஓட்டை விழும். அந்த நுனியை வெட்டிவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் கொடுப்போம். அன்று மாலதி ஞாபகத்தில் வெட்ட மறந்து நீட்டிவிட்டேன். ஜுரு கம்பெனியிலிருந்து வந்த சரவணன் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "எல்லாம் நல்லா செஞ்சிட்டு, முடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சு ஓடிட்டீங்களாண்ணே?"

கடைசிச் சோதனை

இந்த முறை சூட்டைக் குறைத்து, முனை ஸ்டீல் விளிம்பை லேசாக உரசும்படி மட்டும் வைத்தோம். இழுக்கும் எந்திரத்தில் மாட்டிவிட்டு மாலதியை வீடியோவில் கூப்பிட்டேன். அவளும் மூச்சுவிடாமல் பார்த்தாள். இணைப்பு அசையவில்லை; அதைவிட்டுத் தள்ளி, அலுமினியத் தகடுதான் அறுந்தது. இதைவிட நல்ல முடிவு எங்கள் தொழிலில் கிடையாது. "டிக்கெட் பாக்கட்டுமா?" என்றாள்.

அறுந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சரவணன் என் தோளில் தட்டினார். "ஆர்டர் உங்களுக்குத்தான் லா! இவ்ளோ கெட்டியா இருக்கிறப்ப தினமும் எதுக்கு அறுத்துப் பாக்கணும்? மாசம் ஒரு துண்டு போதும், நீங்க ஒரு ஆளே பாத்துக்கலாம்ணே."

வேலையைக் கொஞ்சம் சுமாராகச் செய்திருக்கலாமோ என்று நான் வருந்தியது, இத்தனை வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.