ஒரு வீடு குறைகிறது

திருப்பதியில் ஒரு வீட்டின் மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். வீடு, மனை விற்றுத் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை. விற்பனைக்கு வரும் வீடுகளின் பட்டியல் பெங்களூரு சர்வரில் இருக்கும். கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு அதில் மாறியதை மட்டும் மணிக்கொரு முறை எங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்கும் புரோகிராம் என் பொறுப்பு. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் கீழ்வீட்டு அம்மா மட்டும், "இன்னா துன்னே இன்னிக்கி?" என்று கேட்பார். வீடு அவருடையதுதான்.

ஒரு மதியம், படம் பெரிதாக இருந்ததால் ஒரு பதிவு இறங்காமல் நின்றது. திறந்தேன். படத்தில் எங்கள் மொட்டைமாடிக் கொடியில் என் பச்சைச் சுடிதார் காய்ந்துகொண்டிருந்தது. 'மாடி அறை உடனே காலி செய்து தரப்படும்' என்று எழுதியிருந்தது.

அந்தப் பதிவின் எண்ணை, இறக்க வேண்டாதவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் சித்தூர் கிளையிலிருந்து மேனேஜர் போன் செய்தார். "சர்வர்ல இருக்கிறதுல ஒரு வீடு நம்மகிட்ட கொறையுதேம்மா, பாத்தியா?"

"பாத்துக்கினு இருக்கேன் சார்."

பத்து நாள் இதையே சொன்னேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். "உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வாய மூடிக்கினு இருந்தேன். வீட்ட வித்துட்டு பையங்கிட்ட போலாம்னு இருக்கேன். ஒத்தையா முடியலம்மா. விளம்பரம் குடுத்தும் ஒரு போன் வரல."

அவர் தனியாக இருப்பது எனக்குத் தெரியும். அது அவரால் முடியாமல் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. செய்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "வரும்மா" என்றுதான் வந்தது.

காலையில் தடையை நீக்கினேன். அப்போதும் அது இறங்கவில்லை. புரோகிராம் பழையதைத் திரும்பிப் பார்க்காது. அந்த ஒரு வீட்டை மட்டும் என் கையாலேயே எடுத்து வர வேண்டியிருந்தது.

ஞாயிறன்று புத்தலப்பட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. நான்தான் மேலே கூட்டிப்போய்க் காட்டினேன்.

"இங்க யாரு இருக்காங்க?" என்றாள் அந்தப் பெண்.

"நான்தான்."

"ஐயோ, அப்ப நீ எங்க போவே?"

"சித்தூர்ல ரூம் பாத்துக்கினு இருக்கேன்" என்றேன். அதுவரை பார்க்கவில்லை.

அவர்களே வாங்கினார்கள். மகனோடு காரில் ஏறும்போது அம்மா என் கையை விடவே இல்லை. நானும் சித்தூர் கிளைக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே கிடைத்த அறைக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று இன்னும் எனக்குத் தெரியாது.