அண்ணன் கிட்டாருல மாத்தின காந்தம்

பேய் பிசாசுல எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாதுங்க, இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கேட்டு முடிச்சதும் நீங்களும் என்னை ஒரு மாதிரி பாப்பீங்க. புக்கிட் பெலண்டோக் தோட்டத்து லயத்து வீட்டுல நாங்க இருந்தப்ப, செம்பனைத் தோப்புக்குள்ள வெள்ளையா என்னமோ நிக்குதுன்னு எல்லாரும் ஓடி வந்தாங்க. நாந்தான் டார்ச்சு எடுத்துக்கிட்டு போயி, அது உர மூட்டைதான்னு காட்டினேன். அப்படிப்பட்ட ஆளு நான். இப்ப செனாவாங்குல பேக்டரியில காயில் சுத்துற வேலை. செம்புக் கம்பியும் காந்தமும் எனக்குத் தெரியாத சாமான் இல்ல.

எங்க குணா அண்ணே கிட்டாரு வாசிக்கும். கல்யாணம், கோயில் திருவிழான்னு சேகர் நடத்துன பேண்டுல அதுதான் கிட்டாரு. பழைய எலெக்ட்ரிக் கிட்டாரு, தந்திக்கு அடியில பிக்கப்புன்னு ஒன்னு இருக்கும், உள்ள ரெண்டு காயிலு, அதுக்குக் கீழ ஒரு காந்தப் பட்டை, அவ்ளோதான். தந்தி அதிர்றத அதுதான் கரண்டா மாத்தி ஸ்பீக்கருக்கு அனுப்பும். காயிலு அறுந்தா வீட்டுலயே நாந்தான் சுத்திக் குடுப்பேன். அண்ணே போட்டிருந்தது அல்னிக்கோ காந்தம், அலுமினியம் நிக்கல் கோபால்ட் கலந்தது, பலம் கொஞ்சம் கம்மிதான், ஆனா சத்தம் உருண்டையா வரும், மெதுவா எழும்பி வரும், தந்திய லேசா தொட்டா லேசாவே கேக்கும். செராமிக்குன்னு கறுப்பா இன்னொரு வகை இருக்கு, அது பலமானது, சத்தம் வெட்டின மாதிரி உடனே வந்து விழும். சேகருக்கு அதுதான் வேணும். உன் கிட்டாரு கீபோர்டுக்குள்ள முங்கிப் போவுது, காந்தத்த மாத்துன்னு நச்சரிச்சிக்கிட்டே இருந்தான். அண்ணே மாத்தல. ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள், நாளைக்கு வர வேணாம்னு மெசேஜ் போட்டு நிறுத்திட்டான். நேர்ல கூட இல்ல, மெசேஜு.

அப்புறம் அண்ணே மோட்டோர்ல சாப்பாடு டெலிவரி ஓட்டுச்சு. ஒரு மழையில லுக்குட் பக்கம் லோரி மோதி செத்துப் போச்சு.

அந்தச் சேகர் எழவுக்கு வந்தான், எல்லார் முன்னாலயும் தேம்பித் தேம்பி அழுதான், தோள் குடுத்து தூக்கினான், பேஸ்புக்குல அண்ணே படத்தப் போட்டு என் உயிர் நண்பன்னு எழுதினான். கருமாதி முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து, குணா ஞாபகமா ஒவ்வொரு நிகழ்ச்சியிலயும் அவன் கிட்டார நானே வாசிக்கிறேம்மான்னு கேட்டான், அம்மாவும் குடுத்துருச்சு. கொஞ்ச நாள்ல அதையே தூக்கிக்கிட்டு என்கிட்ட வந்து நிக்கிறான், செராமிக் போட்டுக் குடு தங்கச்சின்னு. முடியாதுன்னேன். அம்மாதான், போட்டுக் குடு, எங்கயாவது சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கட்டும்னுச்சு. நாலு திருகாணியக் கழட்டி, அல்னிக்கோவ உருவிட்டு, செராமிக்க நுழைச்சேன். போட்டுப் பாத்தேன். கத்துச்சு. சேகருக்கு வாயெல்லாம் பல்லு.

இப்ப சொல்லப் போறத நம்புனா நம்புங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம், அம்பாங்கான்ல ஒரு டேவான், கல்யாண மண்டபம்தான், சாயங்காலக் கல்யாண விருந்துக்கு அலங்காரம் பண்ணிக்கிட்டு இருக்காங்க. வயரு ஏதாவது இரைஞ்சா பாத்துக்க வான்னு சேகர் என்னையும் வரச் சொல்லியிருந்தான். சத்தம் சரி பாக்க வாசிக்க ஆரம்பிச்சான், அண்ணே போட்ட மெட்டத்தான், வெக்கமே இல்லாம. முதல் ரெண்டு வரி செராமிக் சத்தம், காது கூசுச்சு. மூணாவது வரியில சத்தம் மாறிப் போச்சுங்க. உருண்டையா, மெதுவா எழும்பி, எங்க வீட்டு முன்னறையில வருஷக்கணக்கா நான் கேட்ட அதே சத்தம். சவுண்டு பாக்குற அஸ்லான், நடுத்தர வயசு மலாய்க்காரரு, அண்ணன அவருக்குத் தெரியவே தெரியாது, மிக்சர்ல இருந்து கையத் தூக்கிக் காட்டினாரு, நான் எதையும் தொடலன்னு. அப்புறம் என்னைப் பாத்து, லாயின், காக்னு மெதுவா சொன்னாரு. வேற மாதிரி இருக்கு, அக்கான்னு அர்த்தம். சேகர் தந்திய ஓங்கி ஓங்கி அடிக்கிறான், அடிக்க அடிக்க சத்தம் இன்னும் மெதுவாவுது. அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு.

நிறுத்திட்டு நேரா என்கிட்ட வந்தான்.

"நீ காந்தத்த மாத்தவே இல்ல. என்னை ஏமாத்திட்ட."

நான் அங்கயே திருகாணியக் கழட்டி பிக்கப்ப வெளிய எடுத்துக் காட்டினேன். கறுப்பா செராமிக் இருக்கு, ஸ்குரூடிரைவர் அதுல டக்குனு போயி ஒட்டிக்கிச்சு. அஸ்லானும் எட்டிப் பாத்தாரு.

"அப்ப என்னமோ செஞ்சி வச்சிருக்க."

"செய்யத் தெரிஞ்சிருந்தா அந்த மெசேஜ் வந்தப்பவே செஞ்சிருப்பேன், சேகர் அண்ணே."

கிட்டார மேடையிலயே போட்டுட்டுப் போயிட்டான். நான் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன், அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இன்னிக்கு எங்காளுங்கள்ல பாதிப் பேரு என்கிட்ட மொகம் குடுத்துப் பேசறதில்ல, குணா தங்கச்சி செய்வினை வச்சிட்டான்னு சேகர் பரப்பி விட்டுட்டான். உயிரோட இருந்தவன மெசேஜ்ல தொரத்தினவன் பேச்சத்தான் நம்புறாங்க. நம்பட்டும்.

அது பரவால்ல. அந்த ஞாயித்துக்கிழமைக்கு மறுநாளே அஸ்லான் வாட்சாப்புல அந்த வாசிப்பு ரெக்கார்டிங்க அனுப்பினாரு, கேட்டுப் பாருங்கன்னு மட்டும் எழுதியிருந்தாரு. போட்டேன். முதல்ல இருந்து கடைசி வரைக்கும் செராமிக்தான், காதக் கிழிக்குது, அந்த உருண்ட சத்தம் ஒரு எடத்துலயும் இல்ல. மூணு பேரு கேட்டது எங்க போச்சுன்னு போனைக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், அடுப்படியில அரிசி கழுவிக்கிட்டு இருந்த அம்மா தலையக் கூடத் தூக்காம கேட்டுச்சு. மறதி கிறதி ஒன்னும் கிடையாதுங்க எங்கம்மாவுக்கு.

"குணா நேத்து மத்தியானம் இங்க உக்காந்து நல்லாத்தானே வாசிச்சான், இன்னிக்கு ஏன் இவ்ளோ கோவம்?"